தலைக்குள் பிளாட்டினக் கம்பி: மறுபரிசோதனைக்கு எந்தப் படம்?

தேவ்நார், கோவண்டி, மான்குர்டு பகுதிகளில் வாழும் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்து உயிரோடு திரும்பி விட்டால் சேடா நகர் முருகன் கோவிலில் ஓர் அர்ச்சனை, ஊரில் குலதெய்வத்துக்கு ஒரு கிடா. ஆஸ்பத்திரியில் கொடுத்த படங்களும் சீட்டுகளும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டுப் பரண் மேல் ஏறி விடும். மழைக்காலத்தில் தகரக் கூரை ஒழுகும்போதுதான் அந்தப் பையின் நினைவே வரும்.

கால் முறிவுக்கும் குடலிறக்கத்துக்கும் இந்த வழக்கம் பெரிய கேடு செய்து விடாது. ஆனால் மூளையின் ரத்தக் குழாயில் புடைப்பு கண்டு, அதற்குள் கம்பிச்சுருள் வைத்து அடைத்துக் கொண்டு வந்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுடைய வைத்தியம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதோடு முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து "படம் எடுத்து வாருங்கள்" என்று டாக்டர் எழுதித் தருகிறார். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. எந்தப் படம்? ஊசி போட்டு எடுப்பதா, போடாமல் எடுப்பதா? தொடை வழியாகக் குழாய் விட்டு எடுப்பதா? பெரிய காந்தமா, சிறிய காந்தமா? ஒரு சென்டரில் ஒரு விலை, அடுத்த தெருவில் இன்னொரு விலை. "விலை கூடியதே நல்லது" என்று கடன் வாங்குவோரும் உண்டு. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று போகாமலே இருந்து விடுவோரும் உண்டு. இரண்டும் தவறு.

டியூபில் விழுந்த புடைப்பு

சைக்கிள் டியூபில் ரப்பர் தேய்ந்த இடம் காற்றடித்ததும் கோலிக்குண்டு போல் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்போம். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களில், கிளை பிரியும் இடத்தில், சுவர் மெலிந்து அப்படிப் புடைப்பதைத்தான் டாக்டர்கள் அன்யூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கலாம் என்பது உலக அளவிலான கணக்கு. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதில்லை. புகைப்பதும், கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தமும் அது வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பீடிக்கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தி விடும் பழக்கம் நம் பேட்டைகளில் எவ்வளவு சாதாரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெடித்தால் தலையில் இடி விழுந்தது போல் வலி. ஆயுளில் கண்டிராத வலி. வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். நம்மவர்கள் இதைப் பித்தம் என்றும் வெயில் என்றும் எண்ணி ஒரு மாத்திரையோடு படுத்து விடுகிறார்கள். வெடித்தவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலையே காண்பதில்லை. கண்டு, பிழைத்து, வைத்தியமும் முடித்துக்கொண்டவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

புடைப்பை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மண்டை ஓட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது. அமெரிக்க அறுவை நிபுணர் வால்டர் டாண்டி 1937-ல் இதை முதலில் செய்து காட்டினார். மற்றது, தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, புடைப்புக்குள் தலைமயிர் போன்ற பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக விட்டு நிரப்புவது. இத்தாலியரான டாக்டர் குக்லியெல்மி கலிபோர்னியாவில் 1990-ல் இந்தச் சுருளை முதன்முதலில் ஒரு நோயாளிக்கு வைத்தார்.

எது மேல் என்ற வழக்குக்கு 2002-ல் ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வு அது. புடைப்பு வெடித்து வந்த 2,143 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ வேண்டியவர்களுமாகச் சேர்த்து, கிளிப் போட்டவர்களில் நூற்றுக்கு சுமார் 31 பேர். சுருள் வைத்தவர்களில் சுமார் 24 பேர். அதன் பிறகு உலகெங்கும் சுருளின் பக்கம் காற்று வீசியது.

ஆனால் சுருளுக்கு ஒரு குறை உண்டு. கிளிப் கழுத்தை நெரித்து விடுகிறது. சுருளோ உள்ளே நிரப்பப்பட்ட பஞ்சு போன்றது. ரத்தம் ஓயாமல் வந்து மோதினால் பஞ்சு அமுங்குகிறது. கழுத்துப் பக்கம் மீண்டும் ஓர் இடைவெளி திறக்கிறது. சுருள் வைத்த 8,161 புடைப்புகளைப் பற்றிய ஆய்வுகளை 2009-ல் நெதர்லாந்து டாக்டர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு சுமார் 21-ல் மறுபடியும் திறப்பு. நூற்றுக்கு சுமார் 10-க்கு மறு சிகிச்சை. ஐந்தில் ஒன்று என்பது அலட்சியம் செய்யக்கூடிய கணக்கு அல்ல. திறந்தது வெளியே தெரியாது; வலிக்காது. படம் ஒன்றுதான் காட்டும்.

பழைய வழியும் அதன் விலையும்

ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்தி மூளையை எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1927-ல் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் ஈகாஸ் மோனிஸ் தொடங்கி வைத்தார். இன்று அது கம்ப்யூட்டர் துணையோடு மிகத் தெளிவாக எடுக்கப்படுகிறது. டி.எஸ்.ஏ. என்று சீட்டில் எழுதுகிறார்களே, அதுதான். இன்றும் தராசின் படிக்கல் அதுவே. மற்ற படங்கள் சரியா தவறா என்பதை இதோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள்.

ஆயினும் அது உடம்புக்குள் குழாய் விடும் வேலை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 19,826 நோயாளிகளிடம் செய்யப்பட்ட இத்தகைய பரிசோதனைகளின் கணக்கு 2007-ல் வெளியாயிற்று. நரம்பு மண்டலம் சார்ந்த ஏதோ ஒரு தொல்லை நூற்றுக்கு 2.6 பேருக்கு, பெரும்பாலும் வந்து மறைந்து விடுபவை. நிரந்தர ஊனம் தரும் பக்கவாதம் நூற்றுக்கு 0.14. அதாவது ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவர். சிறிய எண்தான். ஆனால் நன்றாக நடமாடிக் கொண்டிருக்கும் ஒருவரை, "எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம்" என்பதற்காகத் திரும்பத் திரும்ப அந்தச் சிறிய எண்ணுக்குள் தள்ளுவது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. எக்ஸ்ரே கதிர், சிறுநீரகத்துக்குச் சுமையான அயோடின் சாயம், தொடையை அசைக்காமல் மணிக்கணக்கில் படுக்கை இவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தினக்கூலிக்காரருக்குப் போகும் இரண்டு மூன்று நாள் சம்பளத்தை எந்த ஆய்வும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆகவே வழக்கமான மறுபரிசோதனைக்குக் காந்தப் படமே போதும் என்ற கருத்து டாக்டர்களிடையே வலுத்திருக்கிறது. 2010-ல் நெதர்லாந்தில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வு, 1.5 டெஸ்லா எந்திரத்திலும் 3 டெஸ்லா எந்திரத்திலும் ஊசி இல்லாத காந்தப் படம் நன்றாகவே வேலை செய்கிறது என்றும், குழாய் விடும் பரிசோதனைக்குப் பதிலாக அதைக் கொள்ளலாம் என்ற திசையில் இது முக்கியமான அடி என்றும் கூறியது. டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தை அளக்கும் அளவு. "3 டெஸ்லா இருந்தால்தான் ஆச்சு" என்று சொல்லி அதிகப் பணம் கேட்கும் இடத்தில் இந்த ஆய்வை நினைவில் கொள்வது நல்லது.

அணு என்றதும் அஞ்ச வேண்டாம்

டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தின் நிழலில் வாழ்கிற நம்மவர்களுக்கு அணு என்ற சொல்லே ஒரு மாதிரி. எம்.ஆர்.ஐ.க்குத் தொடக்கத்தில் அணுக்கருக் காந்த அதிர்வு என்றுதான் பெயர். நோயாளிகள் மிரளுகிறார்கள் என்றே அணுக்கரு என்ற சொல்லை எடுத்து விட்டார்கள். அதில் அணுக்கதிர் கிடையாது, எக்ஸ்ரேயும் கிடையாது. பலமான காந்தமும் ரேடியோ அலையும்தான். உடம்பில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலையை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பதிலை வைத்துப் படம் வரையப்படுகிறது. இதை நடைமுறைக்குக் கொண்டு வந்த லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தக் குழாயை மட்டும் காட்டும் காந்தப் படத்தில் இரண்டு முக்கிய முறைகள் இருக்கின்றன.

முதல் முறையில் ஊசியே இல்லை. டைம் ஆஃப் ஃபிளைட் என்பார்கள், சீட்டில் டி.ஓ.எஃப். என்று இருக்கும். படம் எடுக்கும் பகுதியை ரேடியோ அலை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கேயே அசையாமல் இருக்கும் மூளைச் சதை தட்டுவாங்கித் தட்டுவாங்கிக் களைத்துப் போய்ப் பதில் சொல்லாமல் மங்கி விடுகிறது. புதிதாக உள்ளே ஓடி வரும் ரத்தம் மட்டும் தட்டுப்படாமல் வருவதால் பளிச்சென்று தெரிகிறது. மாலை ஆறு மணிக்குக் குர்லா ஸ்டேஷனில் பன்வேல் வண்டிக்காக நின்று சோர்ந்து போன முகங்களையும், அப்போதுதான் படியேறி வருகிறவர்களின் முகங்களையும் பார்த்தால் இந்தத் தத்துவம் விளங்கி விடும்.

இதன் பலவீனமும் அதே உவமையில் இருக்கிறது. உள்ளே வந்த ரத்தம் வேகமாகக் கடந்து போகாமல் சுருளின் இடுக்கில் மெதுவாகச் சுழன்று கொண்டிருந்தால், அதுவும் தட்டுவாங்கி மங்கி விடும். அப்போது அந்த இடுக்கில் ரத்தமே இல்லாதது போல் படம் காட்டும். இன்னொரு தொல்லை: புதிதாக உறைந்த ரத்தம் சில சமயம் தானாகவே பளிச்சிடும், ஓட்டம் இருப்பது போல் ஏமாற்றும்.

இரண்டாவது முறையில் கைநரம்பில் கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். அது கலந்த ரத்தம் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் பளிச்சிடும். படமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து விடக்கூடியது. நீண்ட நேரம் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நேரம் சற்றுத் தவறினால் அசுத்த ரத்தக் குழாய்களும் சேர்ந்து மின்னிப் படத்தைக் குழப்பும்.

இரண்டையும் டி.எஸ்.ஏ. என்ற படிக்கல்லோடு நிறுத்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு 2014-ல் வெளிவந்தது. சுருள் வைத்த புடைப்பில் உண்மையிலேயே ஓட்டம் எஞ்சியிருந்த நூறு இடங்களில் ஊசி இல்லாத முறை 86-ஐக் கண்டுபிடித்தது. ஊசி போட்ட முறையும் 86-தான்! ஓட்டம் இல்லாத நூறு இடங்களில் "இல்லை" என்று சரியாகச் சொன்னது முதல் முறையில் 84, இரண்டாவதில் 89. 2007-ல் வந்த முந்தைய தொகுப்பிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, "ஊசி போட்டால்தான் தெளிவாக வரும்" என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வெறும் பிளாட்டினச் சுருள் மட்டும் வைத்துக்கொண்டவருக்கு, வழக்கமான மறுபரிசோதனைக்கு, ஊசி இல்லாத படமே முதலில் எடுக்க வேண்டிய படம். பிளாட்டினம் காந்தத்துக்கு மசியாத உலோகம். படத்தில் அதன் கறை மிகக் குறைவு. ஊசி மருந்துக்குத் தனி விலை உண்டு. பணம் மட்டுமல்ல. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கடோலினியத்தால் தோலும் மூட்டும் இறுகிப் போகும் கொடிய நோய் வரக்கூடும் என்பது 2006-ல் தெரிய வந்தது. திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் அந்த உலோகம் சிறிது தங்குகிறது என்று 2014-ல் ஜப்பானிய டாக்டர்கள் எழுதினார்கள். 2017-ல் ஐரோப்பாவில் இத்தகைய மருந்துகளில் ஒரு வகையின் பெரும்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. தங்கிய உலோகத்தால் மூளைக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஏதும் இல்லை; பீதி வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் போட்டுக்கொள்ளவும் வேண்டியதில்லை. சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் கெட்டவர்கள் ஸ்கேன் மேசையில் ஏறுவதற்கு முன் அதைச் சொல்லி விட வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே.

தகரக் கூரைக்குள் டிரான்சிஸ்டர்

இதைப் படித்துவிட்டு, "ஊசியே வேண்டாம்" என்று டாக்டரிடம் சண்டைக்கு நிற்பவர்களும் தோன்றலாம். அதுவும் கூடாது. சிலருக்கு வெறும் சுருள் போதாமல், அது வெளியே நழுவாதபடி குழாய்க்குள் வலைபோன்ற ஸ்டென்ட் வைக்கிறார்கள். ரத்த ஓட்டத்தையே புடைப்பிலிருந்து திசை திருப்பும் நெருக்கமான வலை ஒன்றும் உண்டு; அமெரிக்க அரசு 2011-ல் அதற்கு அனுமதி தந்த பிறகு இங்கும் பெருகி விட்டது.

இந்த வலைகள் படத்தைக் கெடுக்கும். நாலு பக்கமும் தகரம் அடித்த குடிசைக்குள் டிரான்சிஸ்டர் வைத்தால் கரகரவென்று தேய்வது போல, வலைக்குள் ரேடியோ அலை சரியாகப் புகுவதில்லை. திரும்பி வரும் பதிலும் நலிந்து போகிறது. விளைவு, ஊசி இல்லாத படத்தில் நன்றாகத் திறந்திருக்கும் குழாய் அடைத்துப் போனது போலத் தெரியும். வீட்டில் அழுகையும் கூக்குரலும்தான் மிச்சம். இப்படிப்பட்டவர்களுக்கு ஊசி போட்ட படம் அதிகம் உதவுகிறது. மிகக் குறுகிய நேரத்தில் பதிலைப் பிடித்து விடும் சத்தமில்லாத புதிய காந்த முறை ஒன்றும் வந்திருக்கிறது. வலை வைத்தவர்களுக்கு அது பழைய முறையை விட மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லா எந்திரத்திலும் அது கிடையாது.

கிளிப் போட்டவர்களின் கதை வேறு. கிளிப்பைச் சுற்றிக் காந்தப் படத்தில் ஒரு கரிய ஓட்டை விழுந்து விடும். பார்க்க வேண்டிய இடமே மறைந்து போகும். அவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோவோ டி.எஸ்.ஏ.யோதான் வழி. அதோடு, பழங்காலத்து இரும்புக் கலப்புக் கிளிப் என்றால் காந்த அறைக்குள் போவதே உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் அப்படிப்பட்ட கிளிப் காந்தத்தில் அசைந்து ஒரு நோயாளி இறந்ததை 1993-ல் மருத்துவ ஏடு வெளியிட்டது. இப்போது போடப்படும் டைட்டானியம் கிளிப்களுக்கு அந்தப் பயம் இல்லை. எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த உலோகம் என்ற சீட்டு இல்லாமல் போனால், எந்திரக்காரர் உள்ளே விட மறுப்பார். மறுப்பதுதான் சரி.

காந்தத்தின் பலத்தை மும்பை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 ஜனவரியில் இந்த நகரத்து மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில், உறவினருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். சிலிண்டரும் அவரும் காந்தத்தால் இழுக்கப்பட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. துணைக்குப் போகிறவர் சாவிக்கொத்தையும் சில்லறையையும் வெளியே வைத்து விட்டுப் போவது மட்டும் போதாது. யாராவது "சும்மா எடுத்து வா" என்றாலும் இரும்பு எதையும் தொட்டு எடுத்து வரக்கூடாது.

படம் மாறினால் கதை மாறும்

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் எந்த முறை என்பதல்ல. ஒவ்வொரு முறையும் அதே முறையா என்பதுதான். நம் ஜனங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

தேவ்நாரில் லாரியில் சுமை ஏற்றும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சுருள் வைத்தது பரேலில். ஆறு மாதப் படத்தைச் செம்பூரில் ஊசி இல்லாமல் எடுக்கிறார். அடுத்த படத்துக்கு நாள் வரும்போது ஊரில் கொடை. திருநெல்வேலியிலேயே எடுத்து விடலாம் என்று போகிறார். அங்கே ஊசி போட்டு எடுக்கிறார்கள். பழைய படம் மும்பையில் பரண் மேல். புதிய படத்தில் சுருளின் கழுத்தில் சிறு வெள்ளைப் பொட்டு. புதிதாகத் திறந்ததா, முதல் நாளிலிருந்தே இருந்து ஊசி இல்லாத படத்தில் தெரியாமல் போனதா? யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் தீர டி.எஸ்.ஏ. எழுதப்படுகிறது. தவிர்க்கலாம் என்று நினைத்த குழாய் கடைசியில் தொடையில் ஏறியே விடுகிறது. செலவு இரட்டை, பயம் மூன்று மடங்கு.

சுருள் வைத்த புடைப்பை மூன்று தரமாகப் பிரித்து எழுதுவது டாக்டர்களின் வழக்கம். முழுதாக அடைந்தது, கழுத்தில் மட்டும் மிச்சம், பைக்குள்ளேயே ரத்தம். மிச்சம் இருப்பது மட்டுமே ஆபத்து அல்ல. சென்ற படத்தை விட அது வளர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. வளர்ச்சியை ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். ஒப்பிட, அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். முழத்தில் ஒரு முறை, கஜத்தில் ஒரு முறை அளந்து விட்டுத் துணி சுருங்கி விட்டது என்று புலம்புவதில் பயன் இல்லை.

அதனால் சுருள் வைத்த சில நாட்களுக்குள்ளோ, முதல் மறுபரிசோதனையிலோ ஒரு காந்தப் படம் எடுத்து அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. பிறகு அதே முறையில், முடிந்தால் அதே எந்திரத்தில் தொடர வேண்டும். எழுத்து அறிக்கை போதாது. படம் பதிந்த சி.டி. வேண்டும். ஊருக்குப் போகும்போது ரேஷன் கார்டு பத்திரமாக எடுத்துப் போவது போல் அதையும் எடுத்துப் போக வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் முறுக்கு டின்னுக்கு இடம் இருக்கும்போது ஒரு சி.டி.க்கு இடம் இல்லாமல் போகாது.

ஊரில் எடுப்பதையும் குறை சொல்வதற்கில்லை. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னையில் சீர்காழி தந்த டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். மூளை வைத்தியத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. வைத்தியம் எங்கே தொடங்கியதோ அந்தக் கணக்குப் புத்தகம் கைமாறாமல் போகக்கூடாது என்பதே பேச்சு.

ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் படமா என்று கலங்க வேண்டாம். ஆறு மாதத்தில் நன்றாக அடைந்திருந்த 440 புடைப்புகளை, 400 நோயாளிகளிடம், பல ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் மறுபடியும் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி 11 பேருக்கு மட்டுமே பிற்காலத்தில் திறந்திருந்தது. புடைப்பு ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கும், மூளையின் அடிப்பக்கக் குழாயின் நுனியில் இருந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம். ஆக, முதல் ஒன்றிரண்டு ஆண்டுப் படங்களே உயிர்நாடி. அதில் திருப்தி என்றால் இடைவெளியை டாக்டரே நீட்டி விடுவார். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் காணாமல் போகிறார்கள்.

யார் கேட்பது?

காணாமல் போவதற்குப் பணமும் மொழியும் காரணம். சுருள் விலை உயர்ந்தது; சையன், பரேல் ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு அது அரசுத் திட்டங்கள், அறக்கட்டளைகள் தயவில்தான் நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2012-ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கி, 2017-ல் மகாத்மா ஜோதிபா புலே பெயர் பெற்ற திட்டம் 971 சிகிச்சைகளோடு 121 தொடர் சிகிச்சைத் தொகுப்புகளையும் வைத்திருந்தது. 2023-ல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தப்பட்டது. தொடர் சிகிச்சை என்ற எண்ணம் அரசுக்கு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. லட்சக்கணக்கில் செலவழித்துச் சுருள் வைத்து விட்டு, சில ஆயிரம் ரூபாய்ப் படத்துக்கு நோயாளியைத் தெருவில் விடுவது கட்டடம் கட்டி விட்டுக் கதவு வைக்காதது போன்றது. சுருள் வைக்கும் தொகையிலேயே முதல் இரண்டு காந்தப் படங்களின் செலவும் சேர்க்கப்பட வேண்டும். இது பெரிய கோரிக்கை அல்ல. ஐந்தில் ஒருவருக்குத் திறக்கும் என்று தெரிந்த பிறகு நியாயமான கோரிக்கை.

ரேஷன் கார்டு ஊரில், உடம்பு மும்பையில் என்று வாழ்கிறவர்களின் சங்கடம் தனி. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்த ஊர்க் கார்டு வேண்டும். இங்கத்திய திட்டத்துக்கு இங்கத்திய கார்டு வேண்டும். இருபது ஆண்டுகள் இங்கே உழைத்தும் இங்கே ஒரு கார்டு வாங்காமல் இருப்பவர்கள், நோய் வந்த பிறகு அலைவதை விட இப்போதே அந்த வேலையைப் பார்ப்பது மேல்.

மொழித் தொல்லைக்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், வாய்ப்பேச்சு மராட்டியிலும் இந்தியிலும். "எத்தனை சுருள், ஸ்டென்ட் உண்டா, அடுத்த படம் எந்த மாதம், எந்த முறை" என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒருவர் உடன் போனால் போதும். சையன் தமிழ்ச் சங்கம் முதல் செம்பூர், மான்குர்டு மன்றங்கள் வரை பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆள் திரட்டுகின்றன. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு படித்த இளைஞரை அனுப்ப அவற்றால் முடியாதா?

பவாய் ஐ.ஐ.டி. வளாகத்தில் மத்திய அரசின் சமீர் நிறுவனம் உள்நாட்டு 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. எந்திரத்தை உருவாக்கி வருகிறது. அதைச் சோதித்துப் பார்க்க 2025 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊசி இல்லாத மறுபரிசோதனைப் படத்துக்கு 1.5 டெஸ்லாவே போதும் என்பதை மேலே பார்த்தோம். எந்திரம் தேறி வந்தால் கோவண்டி சதாப்தி போன்ற வட்டார ஆஸ்பத்திரிகளுக்கும் ஒன்று வர வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கலாம். அதுவரை ஆஸ்பத்திரிகளில் திட்டத்துக்கென உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமித்ராவிடம், டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே, மறுபரிசோதனைப் படத்துக்குத் தொகுப்பு உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கேட்கப் போனால் அந்த மேசைக்கு முன் வேறொரு வரிசை நிற்கும்.